உதட்டுக்குள்ள வெச்ச பன்னீர் பீடா

அவரு தூங்கட்டும் கண்ணு, எழுப்ப வேண்டாம். அது உன்ற சீட்டுன்னு தெரியும், டிக்கெட்டையெல்லாம் காட்ட வேண்டியதில்லை. நானா இருந்தா இந்நேரம் எந்திரிச்சுக் குடுத்திருப்பேன். இவரு சரியாத் தூங்கி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. ரயிலு கெளம்பி ஜன்னல் காத்துப் பட்டதும் இப்பத்தான் கண்ணை மூடியிருக்காரு. நீ இப்படி என்ற பக்கத்துல உக்காரு. பையை மேல வெச்சுக்கலாம்.

அவரு உதட்டைப் பாக்கறியா? வீக்கம் இப்ப எவ்வளவோ பரவால்ல. எங்கயும் உழுகல, யாரும் அடிக்கல. கீழுதட்டுக்குள்ள துளி சதையை வெட்டி டெஸ்ட்டுக்கு எடுத்தாங்க. அதுக்குக் காரணம் நானாம். நேர்ல ஒருத்தரும் சொல்லல, ஆனா மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குது. என்ற நாத்தனா மூஞ்சியில கொட்டை எழுத்துல.

நான் கெட்டது ஒண்ணும் பண்ணல கண்ணு. என்ற வேலை வாசம் கூட்டறது. நெசமாத்தான். இப்ப நீ தின்னியே ஆரஞ்சு பிஸ்கெட்டு, அதுல ஆரஞ்சு எங்க இருக்குது? எவனோ ஒருத்தன், இல்ல என்னையாட்டம் ஒருத்தி, உக்கார்ந்து எண்ணெயும் பொடியுமாக் கலந்து அந்த வாசத்தைச் செஞ்சிருப்பா. நீ தின்னது நான் செஞ்சது இல்லை. நான் செஞ்சிருந்தா தோல் வாசமும் கொஞ்சம் வந்திருக்கும். தோல் வாசம் இல்லாத ஆரஞ்சு வெறும் சக்கரைத் தண்ணி.

கெமிஸ்ட்ரி படிச்சுப்போட்டு கோயமுத்தூர்ல ஒரு எசென்ஸ் கம்பெனியில சேர்ந்தேன். கலாமணின்னா அங்க எல்லாருக்கும் தெரியும். முட்டாயி, சோடா, ஐஸ், இருமல் மருந்து, எத்தனையோ செஞ்சாச்சு. கல்யாண மண்டபத்து வாசல்ல நின்னே சொல்லிப்போடுவேன், பாயசத்துக்கு ஏலக்கா தட்டிப் போட்டாங்களா, பாட்டல்ல இருந்து ஊத்தினாங்களான்னு. முதலாளி பையன் கிரிதரன் வெளிநாட்டுல படிச்சவன், அவனே 'மேடம் மூக்கு இருந்தா மெஷின் எதுக்கு'ம்பான்.

ஊரே சொல்லுது. ஊட்டுல சொல்ல மாட்டாரு, அதான் இங்க தூங்கறாரே, சென்னியப்பன், என்ற ஊட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் நடத்தறாரு. எங்களுக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சோறாக்கறேன். அரிசிம்பருப்பு சோறு, கொள்ளுப் பருப்பு, சந்தகை, எதை வெச்சாலும் திம்பாரு. மிச்சம் வெக்க மாட்டாரு, கொறை சொல்ல மாட்டாரு. நல்லா இருக்குதுங்களான்னு கேட்டா 'ம்'. அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு இத்தனை வருஷமா எனக்குப் புரியல. வாசம் கூட்டிப் பொழைக்கறவ ஊட்டுல வெறும் 'ம்'. கடுப்பா இருக்குமா இருக்காதா, நீயே சொல்லு.

அவருக்கு ருசி தெரியாததுக்குக் காரணம் புகையிலைன்னு நான் வெச்சுக்கிட்டேன். லாரி ஓட்டின காலத்துல புடிச்ச பழக்கம். வெத்தலை ஒரு கன்னத்துல, புகையிலை கீழுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவால. கார் ஓட்டப் பழக வர்ற பொண்ணுங்க மூஞ்சியச் சுளிக்கும். நான் திட்டுவேன், அழுவேன், ஒரு தடவை எங்கம்மா ஊட்டுக்கே போயிட்டேன். 'உட்டர்றேன் கலா'ம்பாரு. உட மாட்டாரு.

அப்பத்தான் அந்த ஆர்டர் வந்துச்சு. வெளிநாட்டுக்கு அனுப்பற சரக்கு. வெள்ளையா சின்னப் பை, டீத்தூள் பையைக் கால்வாசியா வெட்டின மாதிரி இருக்கும். நீ பாத்திருக்கியா? பாத்திருப்பே, உங்க வயசுல எல்லாரும் பாத்திருக்கீங்க. அதுக்குள்ள புகையிலை இருக்காது. ஏதோ செடி நாரைப் பொடி பண்ணி, அதுல நிக்கோட்டின் உப்பை ஏத்தி, மேல வாசனை. உதட்டுக்குள்ள வெச்சுக்கிட்டாப் போதும். மெல்ல வேண்டாம், துப்ப வேண்டாம், புகை இல்லை. அவங்களுக்குப் புதினா, எலுமிச்சை எல்லாம் இருந்துச்சு. நம்மூரு ருசியா ஒண்ணு வேணும்னு கேட்டாங்க. கிரிதரன் நேரா என்றகிட்ட வந்தான்.

நான் பன்னீர் பீடா செஞ்சேன்.

பேரு சொல்றது சுலபம். செஞ்சு பாத்தாத்தான் தெரியும். பன்னீர் ரோசா முன்னால வரணும், ஆனா சோப்பு வாசம் அடிக்கக் கூடாது. அப்பறம் சோம்பு. அதுக்கடியில வெத்தலையோட லேசான காரம். வெத்தலைக் காரம் எங்கிருந்து வரும்? கிராம்புச் சத்துல பாதி வரும். மீதிக்கு லவங்கப்பட்டை. பட்டைச் சத்து சேர்ந்தவுடனே நாக்கு முழிச்சுக்கும் கண்ணு, அதுவரைக்கும் படுத்துக்கெடந்த ருசி எந்திரிச்சு உக்காரும். கடைசியில குளிர்ச்சி. புதினா போட்டா பல்பொடி ஆயிரும்னு, வாசமே இல்லாம ஜில்லுன்னு வெக்கற பொடி ஒண்ணு இருக்குது, அதைப் போட்டேன். மாசக்கணக்கா அதே வேலை. கிரிதரன் ஒரு பையை எடுத்து வாயில வெச்சுக்கிட்டான். அப்பறம், 'மேடம், கல்யாண வீட்டுல பந்தி முடிச்சு வெளிய வந்த மாதிரி இருக்கு'ன்னான்.

மாதிரி டப்பா ரெண்டு ஊட்டுக்குக் கொண்டாந்தேன், வெயில்ல வாசம் எத்தனை நாள் நிக்குதுன்னு பாக்கறதுக்கு. இவரு ஒண்ணை எடுத்து வெச்சுக்கிட்டாரு. நான் அடுப்படியில இருந்தேன். வந்து கதவோரம் நின்னாரு.

"கலா, இது யாரு செஞ்சது?"

"ஏனுங்க?"

"ரொம்ப நல்லா இருக்குது."

நான் வாணலியப் பாத்துக்கிட்டே நின்னேன். திரும்பல. திரும்புனா அழுதிருப்பேன், அதுக்கப்பறம் எங்க சொன்னதைத் திருப்பி வாங்கிக்குவாரோன்னு பயம். நான்தான் செஞ்சதுன்னு சொன்னேன். 'அப்படியா'ன்னு இன்னொண்ணு எடுத்துக்கிட்டாரு.

அந்த வாரமே புகையிலை நின்னு போச்சு. நான் அழுது ஆகாதது, எங்கம்மா ஊட்டுக்குப் போய் ஆகாதது, என்ற வாசத்துல ஆச்சு. பாக்கறவங்ககிட்டயெல்லாம் டப்பாவைக் காட்டுவாரு. 'புகையிலை இல்லாதது, எங்க ஊட்டுல செஞ்சது'ம்பாரு. பல்லு வெளுத்துச்சு. நாத்தனாகூட அப்ப என்னைப் பாராட்டினா, இப்ப அதைக் கேட்டா ஞாபகம் இல்லைம்பா. நான் மாதிரி டப்பாக்களை எடுத்துட்டு வந்துட்டே இருந்தேன். காலையில எந்திரிச்சதும் ஒண்ணு, சோறு தின்னதும் ஒண்ணு, வண்டியில ஒண்ணு, அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. படுக்கும்போதும் ஒண்ணு உதட்டுக்குள்ள இருக்கும்.

ஆமா கண்ணு, நிக்கோட்டின் இருக்குதுதான். இல்லைன்னு நான் சொன்னனா? அது என்ற வேலை இல்லை. நான் வாசம் மட்டும்.

அப்பறம்தான் அவ வந்தா. ஜெசிந்தா. மெட்ராஸ்ல ஒரு லேப்ல இருக்கறவ. சரக்கு வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி, ஏத்தறதுக்கு முன்னால எல்லா ருசியையும் டெஸ்ட் பண்ணணும்னு அந்த லேபுக்கு அனுப்புச்சு. சாதாரண டெஸ்ட்டுல விஷம் இருக்குதா, ஈயம் இருக்குதான்னு கேட்டதை மட்டும் பாப்பாங்க. இது அப்படி இல்லை. உள்ள என்னென்ன இருக்குதோ அத்தனையும் பிரிச்சு எடுத்து, ஒண்ணொண்ணுக்கும் பேரு கண்டுபுடிச்சு, இது வாய்க்கு ஆகுமா ஆகாதான்னு பாக்கறது. என்ற பன்னீர் பீடாவைத் துணி அவுக்கற மாதிரி அவுத்துப்போட்டா. பட்டைச் சத்து எச்சா இருக்குது, கிராம்பும் எச்சா, வாய்த் தோலு வெந்து போக வாய்ப்பிருக்கு, கொறைக்கணும் இல்லைன்னா எடுத்துப்போடணும்னு எழுதிட்டா.

கிரிதரன், 'பட்டையை எடுத்துரலாம் மேடம்'னான், காபியில சக்கரை கொறைக்கச் சொல்ற மாதிரி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அத்தனையும் சாப்பாட்டுக்குச் சேர்க்கலாம்னு அனுமதி இருக்கற சரக்கு. எடைக்கல்லுல ஊசிமுனை அளவு பாத்துப் பாத்துப் போட்டது. ஒரு துளி கூட நான் கண்ணளவுல ஊத்தினவ இல்லை. லீவு போட்டுப்போட்டு, இதே ரயில்ல, அவளைப் பாக்கப் போனேன்.

போயி நின்னா, நாப்பது வயசு இருக்கும், ஒல்லியா ஒருத்தி. டிபன் பாக்ஸைத் தொறக்காமப் பக்கத்துல வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு இருந்தா. நான் யாருன்னு சொன்னதும் எந்திரிச்சு நாற்காலி போட்டா.

"உக்காருங்க அக்கா. நீங்கதானா இதைச் செஞ்சது? ரொம்ப அழகான கலவை. பிரிக்கறதுக்கே மனசு வரல."

ஐஸ் வெக்கறான்னு நினைச்சேன். நான் உக்காரல.

"நீங்க எழுதினதைப் படிச்சேன். பட்டையும் கிராம்பும் எந்த ஊட்டுல இல்லை? பிரியாணியில போடறோம், குழந்தைக்குக் கசாயத்துல போடறோம். அங்கெல்லாம் வேகாத வாயி, இதுல எப்படி வெந்து போகும்?"

"பிரியாணி வாயில எவ்வளவு நேரம் இருக்கும் அக்கா?"

"இதென்ன கேள்வி?"

"முழுங்கிருவோம். இதை முழுங்கறதில்லையே. ஒரே எடத்துல அரை மணி நேரம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்பறம் அதே எடத்துல இன்னொண்ணு. சாப்பாட்டுக்குன்னு போட்டிருக்கற அளவு, சாப்பிடறவங்களுக்கு. உதட்டுல ஒட்ட வெச்சுக்கறவங்களுக்கு என்ன அளவுன்னு யாரும் சரியாப் பாக்கவே இல்லை."

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினா. மலை மலையாக் கோடு. இது உங்க பட்டை, இது உங்க சோம்பு, இது ரோசான்னு விரலை வெச்சுக் காட்டறா, என்ற குழந்தைகளை எனக்கே அறிமுகம் பண்ற மாதிரி. கடைசியில சின்னதா ஒரு மேடு.

"இது உங்க பட்டியல்ல இல்லை அக்கா. நாருல இருந்து வந்ததா, நிக்கோட்டினோட வந்ததா, ரெண்டு பொருளு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஆனதா, எனக்கு இன்னும் தெரியல."

புடிச்சேன் பாரு. "உங்களுக்கே தெரியல, அப்பறம் எதுக்கு எழுதினீங்க?"

"தெரியலைங்கறதையும் எழுதணுமே அக்கா. வாயில வெச்சுக்கறவங்களுக்கும் தெரியாதே. அதோட, டப்பாவுல போட்டிருக்கறதை விட நிக்கோட்டின் எச்சா இருக்குது. அதையும் எழுதியிருக்கேன்."

"நிக்கோட்டினுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. நான் வாசம் மட்டும்."

"வாசம் நல்லா இல்லைன்னா ஒருத்தரும் ரெண்டாவது பையை எடுக்க மாட்டாங்களே அக்கா."

அதை மட்டும் நான் பாராட்டா எடுத்துக்கிட்டேன். நெசந்தானே? அப்பறம் அவ மெதுவாக் கேட்டா, தினமும் இதை வெச்சுக்கறவங்க யாராவது வாயைத் தொறந்து காட்டி நீங்க பாத்திருக்கீங்களான்னு. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு.

"என்ற ஊட்டுக்காரரே வெச்சுக்கறாரு. ஒண்ணும் ஆகல. கூடவே இருக்கறவ நான், எனக்குத் தெரியாதா? மெஷினுக்குத் தெரிஞ்சுருமா?"

'அவரு உதட்டை மடிச்சு உள்பக்கம் பாருங்க அக்கா'ன்னா அவ. கட்டின பொண்டாட்டிக்கு அவ சொல்லித் தர்றா. நான் பையை எடுத்துட்டு வந்துட்டேன். தண்ணி குடுத்தா, அதையும் குடிக்கல.

பாத்தனான்னு கேக்கறியா? எதுக்குப் பாக்கணும்? அவ சொன்னான்னு ஊட்டுக்கு வந்து மாட்டுக்குப் பல்லுப் பாக்கற மாதிரி பாக்கறதா?

கம்பெனியில பட்டையை எடுத்தாங்க. கிராம்பைக் கொறைச்சாங்க. மெஷின் சொல்லிப்போச்சு, கலாமணி சொன்னா யாரு கேக்கறா? பேரைக்கூட 'பன்னீர் ரோஸ்'னு மாத்திட்டாங்க. நல்ல பேரு, ஏன்னா பீடா அதுல இல்லை. சாமி ரூமுல தெளிக்கற தண்ணி. அதுல ஒரு டப்பா இவருக்குக் கொண்டாந்தேன். வெச்சுக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்துட்டாரு.

"கலா, இது அது இல்லையே."

"அதை நிறுத்திட்டாங்க."

"ஓ"ன்னாரு. அவ்வளவுதான். ஆனா அந்த மூஞ்சி இருக்குதே, குழந்தைகிட்ட இருந்து பொம்மையைப் புடுங்கின மாதிரி. ரெண்டு நாள் கழிச்சுப் பொட்டிக்கடையில நின்னு புகையிலைச் சரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாராம், டிரைவிங் ஸ்கூல் கணக்கு எழுதற பொண்ணு சொல்லுச்சு. நான் என்ன பண்றது? மறுபடி அந்தக் குழியில உழட்டும்னு உட்டர்றதா?

பழைய கலவை ஒரு பாட்டல் என்ற மேசையில இருந்துச்சு. ஊட்டுக்குக் கொண்டாந்து, அந்தப் பன்னீர் ரோஸ் பைகளை ஒரு தட்டுல பரப்பி, மேல சொட்டுச் சொட்டா உட்டேன். காய வெச்சேன். திருப்பி டப்பாவுல அடுக்கினேன். எடைக்கல்லு ஊட்டுல எங்க இருக்குது? மூக்குதான் அளவு. ஏற்கனவே இருந்த ரோசாவோட மேல இதுவும் சேரவே, பட்டை அமுங்கின மாதிரி இருந்துச்சு. அதனால பட்டைச் சத்து மட்டும் இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். கொழம்புக்குக் கைப்பக்குவத்துல போடற மாதிரிதான். இவரு வெச்சுப் பாத்துட்டு, "இது பழசை விட நல்லா இருக்குது கலா"ன்னாரு. புருசனுக்காகச் செஞ்சது தப்பாயிருமா கண்ணு? கம்பெனியில கையைக் கட்டினாங்க. என்ற ஊட்டுல யாரு கட்ட முடியும்?

அதுக்கப்பறம்தான் இவரு புத்தி மாறிப்போச்சு. என்ற சோத்தை ஒதுக்க ஆரம்பிச்சாரு. இத்தனை வருஷம் கொறையே சொல்லாத மனுசன், கொழம்பை ஒரு வாய் வெச்சுப்போட்டு, "காரம்"னாரு. அதே மொளகாத்தூள், அதே அளவு. அடுத்த நாள் ரசம். "காரம்." கொள்ளுப் பருப்புல என்ன காரம் இருக்குது? அதுவும் காரமாம். தயிரை ஊத்திப் பெசைஞ்சு, அதையும் ஒரு பக்கமா வெச்சு மெதுவா முழுங்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

எனக்கு எப்படி இருக்கும்? பையில நல்லா இருக்குதாம், தட்டுல காரமாம். ஒரே கை தானே? தீவாளி நோம்பிக்கு நாத்தனா ஊட்டுக்குப் போனோம். அவ காரமே இல்லாம பருப்பும் நெய்யும் ஊத்திக் குடுத்தா, நல்லாத் தின்னாரு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஊட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உங்க தங்கச்சி சோறுன்னா எறங்குதுங்களா?"

"அப்படியில்ல கலா, காரம்னுதான்..."

"ஒட்டன்சத்திரத்து மொளகாயா நான் அரைச்சு ஊத்தறேன்? இத்தனை வருஷம் இல்லாத காரம் இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

நான் கோவத்துல மறுநாள் மட்டன் கொழம்புக்கு மொளகு தூக்கலாவே போட்டேன். காரம்னா என்னன்னு தெரியட்டும்னு. ரெண்டு வாய் தின்னாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு. தட்டை எடுத்துட்டுப் போய்க் கழுவி வெச்சுட்டு, உடனே ஒரு பையை எடுத்து உதட்டுக்குள்ள வெச்சுக்கிட்டாரு. சரி, என்ற ருசி வேணும், சோறு வேண்டாம், அப்படித்தானேன்னு நான் ரெண்டு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல.

காபி வேணுமா கண்ணு? வேண்டாம்னா உடு, வெறும் வெந்நீர், சிக்கரி வாசம்கூட இல்லை.

எங்க உட்டேன்? நாத்தனா. அவதான் பாத்தா. பொங்கலுக்கு வந்தவ, இவரு வாய் கொப்பளிக்கறப்பப் பக்கத்துல நின்னிருக்கா. 'அண்ணா, உதட்டுக்குள்ள என்ன வெள்ளையாத் தோலு உரிஞ்சிருக்குது'ன்னு கத்தி, டார்ச் அடிச்சு, ஊரையே கூட்டிப்போட்டா. அப்பறம் என்ற பக்கம் திரும்பிப் பாத்தா பாரு ஒரு பார்வை. 'அண்ணி, நீங்க பாக்கவே இல்லையா?' இவளும் அதே கேள்வி. மெட்ராஸ்காரிக்கும் இவளுக்கும் யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல.

பல் டாக்டர்கிட்டப் போனோம். அவரு பாத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரு. அங்க கைக்கு உறை போட்ட ஒரு டாக்டரம்மா உதட்டை மடிச்சா. அப்பத்தான் நானும் பாத்தேன். உள்பக்கம் பூராச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்து, நடுவால செவப்பா வெடிச்சு, ஒரு ஓரத்துல பச்சைப் புண்ணு. ஈறு பல்லை உட்டுக் கீழ எறங்கியிருந்துச்சு. சதை எடுத்தாங்க. வெளிய நாற்காலியில உக்கார்ந்துக்கிட்டு நான் அந்த ஜெசிந்தாவை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். அவ வாய் முகூர்த்தம்னு.

ரிசல்ட் வந்துச்சு. புத்துநோய் இல்லை. நல்லவேளை. ஆனா தோலோட குணம் மாறியிருக்குது, எல்லாத்தையும் உட்டே ஆகணும், மாசாமாசம் வந்து காட்டணும்னு டாக்டரம்மா சொன்னா. அப்பறம் பேனாவை எடுத்துக்கிட்டுக் கேட்டா.

"புகையிலையை உட்டு இத்தனை மாசம் ஆச்சுங்கறீங்க. இது புகையிலைப் புண்ணு மட்டும் இல்லை, ஏதோ காரமான கெமிக்கல் பட்டு வெந்திருக்கு. அந்தப் பை எங்க வாங்கறீங்க?"

நான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள இவரு சொல்லிட்டாரு.

"கடையில வாங்கினதுங்க."

கேட்டுக்கிட்டியா? கடையில வாங்கினது. எத்தனை மாசம் நான் ஊட்டுல உக்கார்ந்து சொட்டுச் சொட்டா ஊத்தினது, என்ற கையால அடுக்கினது, இவரு ஊரு பூரா 'எங்க ஊட்டுல செஞ்சது'ன்னு சொல்லித் திரிஞ்சது, இப்பக் கடைச் சரக்கு ஆயிருச்சு. டாக்டரம்மா எழுதிக்கிட்டா. 'எந்தக் கடைன்னு தெரியாது, டவுன்ல'ன்னு இவரு மேல மேல சொல்றாரு. பொய் சொல்லியே பழக்கம் இல்லாத மனுசன், தடுமாறித் தடுமாறிச் சொல்றாரு. நான் அவரைப் பாத்தேன். அவரு என்னைப் பாக்கவே இல்லை.

"டப்பா இருந்தாக் கொண்டாங்க. உள்ள என்ன, எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நாங்க வைத்தியம் பாக்க முடியும்"னா டாக்டரம்மா. நானும் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

ஆட்டோவுல கேட்டேன். "ஏனுங்க கடைன்னு சொன்னீங்க?"

"உடு கலா."

"என்ன உடு? நான் செஞ்சதுன்னு சொன்னா என்ன?"

"உன்ற வேலைக்கு ஏதாச்சும் வந்துரும்."

"வந்தா வரட்டும். நான் செஞ்சதை நான் செஞ்சதுன்னு சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வரல."

ஆட்டோக்காரன் கண்ணாடியில பாத்தான். இவரு ரோட்டைப் பாத்துட்டு வந்தாரு. அன்னைக்கு இருந்து பையைத் தொடல. தொடாம இருக்கறது எப்படின்னு நீ பாத்திருக்கணும். பழக வர்ற பொண்ணுங்க மேல எரிஞ்சு எரிஞ்சு உழறாரு, தூக்கம் கெடையாது, கூண்டுல அடைச்ச நாயாட்டம் ஊட்டுக்குள்ள நடக்கறாரு. அது நிக்கோட்டின் பண்ற வேலை, வாசம் பண்ற வேலை இல்லைன்னு நான் சொன்னா எவ நம்பறா.

டப்பா என்ற கிட்டத்தான் இருக்குது. அதுல என்ன ஊத்தினேன்னு தெரியும், எவ்வளவுன்னு தெரியாது. அடியில இருந்த கம்பெனிச் சரக்குல என்ன இருந்துச்சுன்னு அதுவும் தெரியாது. டாக்டரம்மாவுக்குச் சொல்லணுமே. எங்க கம்பெனி லேப்ல குடுத்தா கிரிதரனுக்குத் தெரிஞ்சுரும். வேற எவகிட்டப் போறது? அந்தப் பையைப் பிரிக்கத் தெரிஞ்சவ ஒருத்திதான் இருக்கா, அவளும் எனக்கு ஆகாதவ. முந்தாநாள் ஃபோன் பண்ணினேன்.

சிரிப்பான்னு நினைச்சேன். நான் சொன்னனே அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுவா, அப்பக் குடுக்கறதுக்குப் பதிலையும் ரெடியா வெச்சிருந்தேன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"அவருக்கு வலி இருக்கா அக்கா?"

எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போனோம், சதை எடுத்தோம், ரிசல்ட்டு வாங்கினோம், கடையா ஊடான்னு சண்டை போட்டோம். இதை நான் கேக்கவே இல்லை. 'பாத்துச் சொல்றேன்'னு வெச்சுட்டேன். அவளுக்கென்ன வந்துச்சு, முன்னப்பின்ன பாக்காத மனுசனுக்கு வலி இருக்கான்னு கேக்கறதுக்கு. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு.

இவரு கூடத்துல உக்கார்ந்து பேப்பர் பாத்துட்டு இருந்தாரு. போய் நின்னேன்.

"ஏனுங்க, வலிக்குதுங்களா?"

"சாப்பிடறப்ப மட்டும்."

"எப்ப இருந்து?"

பேப்பரை மடிச்சாரு. "நீ ஊட்டுல செய்ய ஆரம்பிச்சியே, அப்ப இருந்து."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னனே கலா. காரமா இருக்குதுன்னு."

அவ்வளவுதான் சொன்னாரு. திட்டல. திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். மறுபடி பேப்பரை விரிச்சுக்கிட்டாரு. நான் உள்ள போய் டிக்கெட்டுப் போட்டேன்.

இதுதான் கண்ணு, நாங்க மெட்ராஸ் போற கதை. மத்தியானம் அந்த ஜெசிந்தா முன்னால டப்பாவைக் கொண்டு போய் வெக்கணும். அக்கா உக்காருங்கம்பா, இந்தத் தடவை உக்காரத்தான் வேணும். எவ்வளவு ஊத்தினீங்கன்னு கேப்பா. தெரியாதுன்னு சொல்லணும். இத்தனை வருஷத்துல எந்தக் கலவையைப் பத்தியும் அந்த வார்த்தையை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. அவகிட்டப் போய்ச் சொல்லணும், இவரையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு. அதை நினைச்சாத்தான் எனக்குப் பொறுக்க மாட்டேங்குது.